நிறத்தைப் பார்த்து அடுப்பிலிருந்து எடுக்காதீர்கள்: அன்னாசி வைத்த பீஃப் பர்கர் செய்பவர்களுக்கு

போன மே மாதம் சென்னையில் ஒரு மொட்டை மாடியில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு கிரில் சமையல் வகுப்பு எடுத்தேன். அன்றைய பாடம், அன்னாசியும் மாம்பழமும் சேர்த்துச் செய்யும் மாட்டிறைச்சி பர்கர். ஒரு தம்பி தன் பங்குக்கு இரண்டு கறி வட்டங்களைச் சுட்டுத் தட்டில் எடுத்து வைத்தார். அன்னாசிச் சாறு பாகாகி மேலே கருஞ்சிவப்பாக மின்னியது. கம்பி வரிகள் அழகாக விழுந்திருந்தன. ஒன்றைக் கத்தியால் பிளந்து காட்டினார். உள்ளேயும் பழுப்புதான், சிவப்பே தெரியவில்லை. "நல்லா வெந்திடுச்சு செஃப்" என்றார்.

நான் இன்னொரு வட்டத்தின் பக்கவாட்டில், நடுப்பகுதி வரைக்கும் வெப்பமானியின் ஊசியைச் செருகினேன். எண் 40, 51, 56 என்று ஏறி, 58 டிகிரியில் நின்றுவிட்டது. அரைத்த மாட்டிறைச்சிக்குத் தேவை 71 டிகிரி செல்சியஸ். இன்னும் 13 டிகிரி பாக்கி. சுற்றி நின்றவர்கள் முகத்தில் இருந்த அதிர்ச்சிதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

ஹோட்டல் சமையலறைகளில் பல வருடம் நின்றவன் நான். இப்போது வீட்டுச் சமையல்காரர்களுக்கும் சிறிய கேட்டரிங் நடத்துபவர்களுக்கும் உணவுப் பாதுகாப்பு சொல்லித் தருகிறேன். வகுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்று: "ஸ்டேக்கை உள்ளே சிவப்பாக வைத்துச் சாப்பிடுகிறார்களே, பர்கருக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?"

கறித்துண்டு முழுதாக இருக்கும்வரை கிருமி பெரும்பாலும் அதன் மேல்பரப்பில்தான் இருக்கும். தணலில் போட்டதும் அந்த மேல்பரப்பு நன்றாகச் சூடாகிவிடுகிறது. அதே துண்டை அரைத்தால் வெளியே இருந்தது உள்ளே போய்விடும். பல மாடுகளின் கறி ஒரே மெஷினில் விழும்போது, ஒன்றில் இருந்தது எல்லாவற்றிலும் கலந்துவிடும். இதில் நாம் பயப்பட வேண்டியது இ.கோலை ஓ157:எச்7 என்ற வகை. மனிதர்களுக்கு நோய் தரும் கிருமியாக இதை அடையாளம் கண்டது 1982-இல். அமெரிக்காவின் ஓரிகன், மிச்சிகன் மாநிலங்களில் சரியாக வேகாத ஹாம்பர்கர் சாப்பிட்டவர்களுக்கு இரத்தபேதி வந்தபோதுதான் அது தெரிந்தது. நூறுக்கும் குறைவான கிருமிகள் உள்ளே போனாலே ஒருவர் படுத்துவிடலாம்.

1993-இல் நடந்தது இன்னும் கொடுமை. ஜாக் இன் தி பாக்ஸ் என்ற பர்கர் கடைத் தொடரில் சாப்பிட்ட 700-க்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். நான்கு குழந்தைகள் இறந்தார்கள். வாஷிங்டன் மாநில விதிப்படி கறி 68 டிகிரிக்கு வெந்திருக்க வேண்டும். அந்தக் கடைகள் 60 டிகிரி என்ற பழைய அளவையே பின்பற்றி வந்தன. எட்டு டிகிரிதான் வித்தியாசம். வகுப்பில் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நான் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் மேலே பேசுவேன். அடுத்த ஆண்டே, இந்தக் கிருமி கலந்த அரைத்த மாட்டிறைச்சியை விற்கத் தகாத கலப்படப் பொருள் என்று அமெரிக்க அரசு அறிவித்தது.

சரி, நம் பர்கருக்கு வருவோம். சாதாரண பர்கரைவிட இந்த அன்னாசி வகையில் நிறம் அதிகமாக ஏமாற்றும். காரணம் சர்க்கரை. அன்னாசிச் சாறு, நாட்டுச் சர்க்கரை, சோயா சாஸ் எல்லாம் சேர்ந்த பூச்சு, தணல் மேல் இரண்டே நிமிடத்தில் கருக்க ஆரம்பித்துவிடும். வெளியே கருகுகிறதே என்று பதறி எடுத்தால் உள்ளே கறி வெந்திருக்காது. இது போதாதென்று, அரைத்த கறியில் காற்று பட்டு நேரம் ஆகியிருந்தால், 71 டிகிரிக்கு வெகு முன்பே அது உள்ளே பழுப்பாகிவிடும். அந்தத் தம்பியின் பர்கரில் நடந்தது அதுதான். நான்கு பர்கர்களில் ஒன்று இப்படி முன்கூட்டியே பழுப்பாகலாம் என்று அமெரிக்க வேளாண் துறை எச்சரிக்கிறது. நேர் எதிராக, முழுதாக வெந்த பிறகும் உள்ளே இளஞ்சிவப்பு மாறாத பர்கரும் உண்டு. ஆக, கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை. சில நூறு ரூபாய்க்கு ஊசி வைத்த டிஜிட்டல் வெப்பமானி கிடைக்கிறது. அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பதும் சுலபம். ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றிக் கலக்கி, ஊசியை நடுவில் பிடியுங்கள். 0 காட்ட வேண்டும்.

கறி வாங்கும்போதே கவனம் வேண்டும். நம் ஊரில் பீஃப் என்று கிடைப்பது பல நேரம் எருமைக்கறிதான். அதில் கொழுப்பு குறைவு, அப்படியே தட்டிச் சுட்டால் வறண்டுவிடும். அதனால் நான் அரை கிலோ கறிக்கு 100 கிராம் கொழுப்பு தனியாகக் கேட்டு வாங்குகிறேன். ஏற்கனவே அரைத்து வைத்த கைமா வேண்டாம். முழுத்துண்டாக வாங்கி, வீட்டில் கொழுப்போடு சேர்த்து ஃப்ரீசரில் அரை மணி நேரம் இறுகவிட்டு அரைப்பது நல்லது. கடையில்தான் அரைக்க வேண்டுமென்றால் கண்ணெதிரே அரைக்கச் சொல்லுங்கள். வெயில் 32 டிகிரிக்கு மேல் போனால் கறி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. சென்னைக் கோடையில் கடையிலிருந்து வீடு வரும் நேரமும், மாடிக்குத் தட்டைத் தூக்கிப் போய்க் கரி பற்றும்வரை காத்திருக்கும் நேரமும் இந்தக் கணக்கில் அடங்கும். தணல் தயாரான பிறகே ஃபிரிட்ஜைத் திறங்கள்.

இந்த 600 கிராமில் நான்கு வட்டங்கள் வரும். கட்லெட்டுக்குப் பிசைவதுபோல் பிசையாதீர்கள், லேசாகச் சேர்த்துத் தட்டினால் போதும். கனம் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி அழுத்திவிட்டால், வேகும்போது பந்துபோல் உப்பாது. உப்பை அடுப்பில் போடுவதற்குச் சற்று முன் மேலே தூவுங்கள். முன்பே கலந்து வைத்தால் கறி இறுகி ரப்பர்போல் ஆகிவிடும்.

அன்னாசியைப் பச்சையாக அரைத்துக் கறியோடு கலக்கும் பழக்கத்தைப் பலரிடம் பார்க்கிறேன். கபாபுக்குப் பப்பாளிக்காய் போடுவது மாதிரிதான் என்று நினைக்கிறார்கள். பச்சை அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது, அது புரதத்தைக் கரைத்துவிடும். அரைத்த கறியில் அதற்கு வேலை இன்னும் சுலபம். கொஞ்ச நேரத்தில் கறி கூழாகி, தணலில் போட்டதும் உதிர்ந்து கம்பிக்குள் விழும். அதனால் பழத்தை ஒரு சென்டிமீட்டர் கன வளையங்களாக வெட்டித் தனியாகச் சுடுங்கள். பூச்சுக்கு ஒரு கப் அன்னாசிச் சாறு, இரண்டு மேசைக்கரண்டி நாட்டுச் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸ், இஞ்சி, பூண்டு, கீறிய பச்சை மிளகாய் ஒன்று சேர்த்துப் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்க விடுங்கள். மேலே வைக்க, செங்காய்ப் பதத்தில் இருக்கும் பங்கனப்பள்ளியை மெலிதாக நறுக்கி, வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசிறினால் போதும். இதன் புளிப்பு இல்லாவிட்டால் பர்கர் திகட்டிவிடும்.

கரியை அடுப்பின் ஒரு பக்கமாக ஒதுக்கி வையுங்கள். தணல் பக்கத்தில் இரண்டு புறமும் நிறம் பிடிக்கச் சுட்டு, பிறகு தணல் இல்லாத பக்கத்துக்கு நகர்த்தி மூடி போடுங்கள். கரண்டியால் அழுத்தாதீர்கள். சாறு போய்விடும், கொழுப்பு சொட்டித் தீ எழும்பும். வெப்பமானி 65 டிகிரியைத் தொட்ட பிறகே பூச்சைத் தடவுங்கள். அது பாகாகி ஒட்டும் நேரத்தில் உள்ளே 71-ஐத் தொட்டிருக்கும். அந்தத் தம்பியின் மீதி வட்டத்தையும் இப்படித்தான் ஓரத்துக்கு நகர்த்தி மூடினோம். கருகாமல் 71-க்கு ஏறியது.

இன்னொன்று, கரி அடுப்பை அடைத்த பால்கனியிலோ கூடத்திலோ வைக்கவே வைக்காதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

அப்புறம் அந்தத் தூரிகை. பாதி வெந்த கறியில் தடவிய தூரிகையைப் பூச்சுக் கிண்ணத்தில் முக்கி, மிச்சத்தைக் கடைசியில் பன்னில் ஊற்றித் தருவதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். அவ்வளவு பாடுபட்டு வேகவைத்த பலன் அதில் போய்விடுகிறது. ஆரம்பத்திலேயே பூச்சை இரண்டு கிண்ணங்களாகப் பிரித்து, ஒன்றைத் தூரிகைக்கும் ஒன்றைப் பரிமாறவும் வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக்கறி வந்த தட்டு உடனே கழுவும் தொட்டிக்குப் போகட்டும்.

நான் மருத்துவன் இல்லை, ஆனாலும் மருத்துவர்கள் சொல்லும் இதை வகுப்பில் தவறாமல் சொல்வேன். இ.கோலை தரும் நோய் பெரும்பாலும் சாப்பிட்ட மூன்று நான்கு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். கடுமையான வயிற்றுவலி, பிறகு இரத்தம் கலந்த பேதி. காய்ச்சல் பெரிதாக இல்லாமலும் இருக்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் சிலருக்கு அடுத்த ஒரு வாரத்தில் சிறுநீரகம் பாதிக்கப்படும். சிறுநீர் குறைவதும் முகம் வெளிறுவதும் அதன் அறிகுறிகள். பேதியை நிறுத்தும் மாத்திரையையோ வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கையோ கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மூன்று நாள் முன்பு மாட்டுக்கறி பர்கர் சாப்பிட்டான் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மலப் பரிசோதனையில் எதைத் தேடச் சொல்வது என்று அவர் முடிவு செய்ய அது உதவும்.