அகல டயர் போட்டால் பிடிப்பு கூடுமா?

செடான் காருக்கு அலாய் வீல் மாற்றப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கணக்கோடுதான் கடைக்குப் போகிறார்கள்: டயர் அகலமானால் ரோட்டில் படியும் ரப்பர் கூடும், ரப்பர் கூடினால் பிடிப்பும் கூடும். கேட்பதற்குச் சரியாகத்தான் படுகிறது. ஆனால் அதன் முதல் பாதியே நிற்காது.

காரின் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குவது டயருக்குள் அடைத்த காற்று. ஆட்களும் பெட்டிகளுமாக ஒரு செடான் 1,200 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். சக்கரத்துக்கு 300 கிலோ. காற்று 32 பிஎஸ்ஐ என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் ஏறத்தாழ 2.25 கிலோவைத் தாங்கும். வகுத்துப் பார்த்தால் டயர் ரோட்டில் படியும் பரப்பு, அதாவது தடம், 133 சதுர சென்டிமீட்டர் வரும். விரல்களோடு சேர்த்து ஒரு கை அளவு. இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்குமே வரவில்லை. பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் பாரத்தை ஏற்பதால் விடை சற்று முன்பின் இருக்கும். ஆனாலும் அதே காற்றழுத்தத்தில் தடத்தின் பரப்பு பெரிதாகக் கூடிவிடாது.

மாறுவது அதன் வடிவம்தான். தரையில் படும் அகலம் 14 செ.மீ. என்றால் தடத்தின் நீளம் 9.5 செ.மீ. அகலத்தை 16 செ.மீ. ஆக்கினால் நீளம் 8.3 ஆகக் குறுகும்.

அப்படியானால் அகல டயர் போட்ட கார் வளைவில் கெட்டியாக நிற்கிறதே, அது பொய்யா? பொய் இல்லை, காரணம்தான் வேறு. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் டயரின் அடிப்பகுதி ரோட்டைப் பற்றிக்கொள்ள, ரிம் மட்டும் புதிய திசைக்குப் போகப் பார்க்கிறது. நடுவில் இருக்கும் பக்கச்சுவர் நெளிந்து கொடுக்கிறது. அந்த நெளிவு முடிந்த பிறகுதான் பக்கவாட்டு விசை முழுதாகக் கிடைக்கும். சுவர் குட்டையாகவும், உள்ளே இருக்கும் எஃகுப் பட்டை அகலமாகவும் இருந்தால் நெளிவு குறையும். கார் உடனே திரும்பும். ரப்பரின் தன்மைக்கும் இதில் பங்குண்டு. அகலமான அளவுகளில் விற்கும் டயர்களில் பல மென்மையான, பிடிப்பு கூடிய கலவையில் வருபவை. ஆக, அகலத்துக்குக் கிடைக்கும் பாராட்டில் ஒரு பங்கு ரப்பர் கலவைக்குச் சேர வேண்டியது. கார் வாங்கும்போது வந்த அதே அளவில் நல்ல கலவை டயர் போட்டாலே பிரேக் பிடிப்பதில் வித்தியாசம் தெரியும் என்பதால், காசு குறைவாக இருந்தால் முதலில் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

இனி அளவுக்கு வருவோம். 185/65 ஆர்15 என்றால் அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு, ரிம்மின் விட்டம் 15 அங்குலம். ஒரு அங்குலம் 25.4 மி.மீ. என்று பெருக்கி, மேலும் கீழுமாக இரண்டு சுவர்களையும் கூட்டினால் மொத்த விட்டம் 621.5 மி.மீ. 2017-இல் வந்த மாருதி சுசுகி டிசையரில் விலை குறைந்த மாடல்களுக்கு 165/80 ஆர்14, கூடிய மாடல்களுக்கு இந்த 185/65 ஆர்15 கொடுத்தார்கள். முதலாவதன் விட்டம் 619.6. வித்தியாசம் 2 மி.மீ. கூட இல்லை. ரிம் பெரிதாகும்போது சுவரைக் குறைத்து, மொத்த உயரத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். அப்சைஸ் செய்வதன், அதாவது பெரிய ரிம்முக்கு மாறுவதன், அடிப்படையே இதுதான்.

அதே வழியில் அடுத்த படி 195/55 ஆர்16. விட்டம் 620.9. ஸ்பீடோமீட்டர் மாறாது, கியர் விகிதத்தின் பலனும் மாறாது. இதை விட்டு 205/65 ஆர்16 போட்டால் விட்டம் 673 மி.மீ. ஆகிவிடும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது கார் 65-இல் போய்க்கொண்டிருக்கும். வளைக்கும்போது டயர் ஃபெண்டரில் உரசவும் கூடும்.

சுவரின் உயரம் 14 அங்குல ரிம்மில் 132 மி.மீ., 15-இல் 120, 16-இல் 107. 205/45 ஆர்17 போனால் 92 மட்டுமே. குழியில் விழும்போது அதிர்வை முதலில் வாங்குவது ஷாக் அப்சார்பர் என்று நினைக்கிறோம். அதற்கு முன்பே இந்தச் சுவர் வாங்கிவிடுகிறது. அது குட்டையானால் குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் நசுங்கும். உள்நூல்கள் அறுந்து பக்கத்தில் புடைப்பு வரும். புடைத்த டயரை ஒட்டுப்போட்டு ஓட்டக்கூடாது, மாற்றியே ஆக வேண்டும். மழைக்குப் பிறகு நம் ஊர் ரோடுகள் இருக்கும் நிலையில், இந்த அளவுள்ள செடானுக்கு 17 அங்குலம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மழை என்றதும் இன்னொன்று. ஈர ரோட்டில் டயர் நீரைப் பிளந்து தரையைத் தொட வேண்டும். வேகம் கூடினால் நீர் விலக நேரமில்லாமல் டயர் அதன்மேல் மிதக்கத் தொடங்கும். நாசாவில் வால்டர் ஹார்ன் விமான டயர்களை ஆராய்ந்து தந்த சூத்திரம் எளிமையானது: பிஎஸ்ஐ-யில் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால், தேங்கிய நீரில் மிதக்கத் தொடங்கும் வேகம் மைலில் கிடைக்கும். 32 பிஎஸ்ஐ-க்கு அது மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டர். நம் நெடுஞ்சாலைகளில் சாதாரணமாகப் போகும் வேகம்தான். தடம் அகலமாகி நீளம் குறையும்போது பக்கவாட்டில் தள்ள வேண்டிய நீர் கூடுகிறது, தள்ளக் கிடைக்கும் நேரம் குறைகிறது. அதனால் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதக்கலாம். பட்டன் தேய்ந்த அகல டயர் மழையில் மிக ஆபத்தானது.

எடையையும் கடையில் கேளுங்கள். சக்கரத்தின் ஓரத்தில் கூடும் ஒவ்வொரு கிலோவையும் இன்ஜின் முன்னே தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். வேகமெடுக்கும்போது அது ஏறத்தாழ இரண்டு கிலோவாகக் கணக்காகும். மைலேஜ் குறைவதற்கு அகலமும் ஒரு காரணம். காற்றின் தடை கூடுகிறது. பிஎம்டபிள்யூ ஐ3 என்ற மின்காருக்கு 155/70 ஆர்19 என்று ஒல்லியும் உயரமுமான டயரைத் தேர்ந்தெடுத்தது இந்த இழப்புகளைக் குறைக்கத்தான்.

பலர் கேட்காமல் விடுவது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (காரில் சக்கரத்தை மாட்டும் பகுதி) பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதுதான் அது. 6 அங்குல ரிம்மை எடுத்து 7 அங்குலம் போட்டால் இருபுறமும் 12.7 மி.மீ. கூடும். அதோடு ஆஃப்செட் 45-லிருந்து 35-க்கு இறங்கினால் வெளிப்பக்கம் 22.7 மி.மீ. தள்ளிவிடும். பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் வீல் பேரிங்கில் நெம்பும் விசை கூடும். ஸ்டீயரிங் மேடுபள்ளத்தில் கையை இழுக்கும். கம்பெனி கொடுத்த ஆஃப்செட்டை ஒட்டியே வாங்குவது நல்லது. பிசிடி, அதாவது நட்டுத் துளைகளின் வட்ட அளவு, துல்லியமாகப் பொருந்த வேண்டும். டிசையருக்கு அது 4x100, அதாவது 100 மி.மீ. வட்டத்தில் நான்கு துளைகள்.

டயரின் பக்கத்தில் அளவுக்கு அடுத்து இருக்கும் எண்ணையும் படியுங்கள். 185/65 ஆர்15-இல் வழக்கமாக 88 என்றிருக்கும். ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று பொருள். 195/55 ஆர்16-இல் 87, அதாவது 545 கிலோ. அகலம் கூடியும் தாங்கும் திறன் குறைகிறது, ஏனென்றால் சுவர் குட்டையானதில் காற்றுக்கு இடம் குறைந்துவிட்டது. டிசையருக்கு இது போதும். கனமான காருக்கு அளவு மாற்றும்போது இந்த எண் கம்பெனி சொன்னதற்குக் கீழே போகவே கூடாது.

ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருக்கும். புது டயரின் விட்டம் அதற்குச் சமமாக இருந்தால் அவசரத்துக்கு மாட்டி, வேகம் குறைத்துப் பஞ்சர் கடை வரை போகலாம். ஆனால் வெளியில் வாங்கிய அலாய் வீலின் நட்டு, இரும்பு ரிம்மில் சரியாக உட்காராமல் போகலாம். பழைய நட்டுகளைத் தூக்கிப் போடாமல் டிக்கியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.