மடியில்லாப் பால்: பெயரில் தொடங்கும் சிக்கல், பவுடரில் முடியும் விலை

பசும்பாலில் ஏறக்குறைய 87 விழுக்காடு தண்ணீர். புரதம் 3.3 விழுக்காடுதான். அந்தப் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். தயிர் உறைவதும் சீஸ் இழுபடுவதும் அதனால்தான். மீதி ஒரு பங்கு, சீஸ் வடித்த தண்ணீரோடு போகும் வே புரதம். 'மாடு இல்லாத பால்' என்று பேசப்படுவதில் சந்தைக்கு முதலில் வந்தது அந்த வே புரதங்களில் ஒன்றான பீட்டா லாக்டோகுளோபுலின். அதாவது பால் அல்ல, பாலின் ஒரு துண்டு.

162 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதத்துக்கான மரபணுவை, அமெரிக்காவின் பெர்ஃபெக்ட் டே நிறுவனம் டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சைக்குள் வைத்தது. வேரழுகலுக்கு நம் விவசாயிகள் எருவில் கலந்து போடும் டிரைக்கோடெர்மா விரிடியின் உறவுக்காரப் பூஞ்சைதான் அது. குடுவையில் வளர்த்து, சிறு தொட்டியில் பெருக்கி, பெரிய எஃகுத் தொட்டிக்கு மாற்றுவார்கள். சர்க்கரைக் கரைசல் சொட்டுச் சொட்டாக இறங்கும்; அம்மோனியா நைட்ரஜனைக் கொடுத்து அமிலத்தன்மையையும் சரிக்கட்டும்; வெப்பம் 28 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். சில நாளில் பூஞ்சை புரதத்தை வெளியே சுரந்துவிடும். வடிகட்டிப் பூஞ்சையை நீக்கி, நுண்சவ்வில் உப்பையும் சர்க்கரையையும் கழுவி, தெளிப்புலர்த்தியில் பொடியாக்கினால் வேலை முடிந்தது.

முடிந்தது என்று சொல்வது எளிது. பூஞ்சை இழைகள் பின்னிக் கூழ் கெட்டியானால் ஆக்ஸிஜன் உள்ளே போகாது. பூஞ்சையின் சொந்த நொதிகளே சுரந்த புரதத்தை வெட்டித் தின்னும். அதனால் அந்த நொதிகளின் மரபணுக்களை முன்கூட்டியே நீக்குவதுண்டு. வேறு நுண்ணுயிர் ஒன்று புகுந்துவிட்டால் தொட்டி முழுவதும் வீண்.

கேசீன் இன்னும் கடினம். அது நான்கு வகை. ஒவ்வொன்றிலும் சரியான இடத்தில் பாஸ்பேட் ஒட்டினால்தான் கால்சியத்தோடு சேர்ந்து நுண்உருண்டையாகும். நுண்ணுயிர்கள் அந்த ஒட்டுவேலையை மாட்டைப் போலச் செய்வதில்லை.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, பெர்ஃபெக்ட் டேயின் அறிக்கைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020இல் தந்த பதில் 'எங்களுக்குக் கேள்வி இல்லை' என்பதே. பலர் இதை ஒப்புதல் என்று எழுதுகிறார்கள், தவறு. பாதுகாப்பானது என்ற முடிவு நிறுவனத்தினுடையது. 1990இல் சீஸ் உறைய வைக்கும் கைமோசின் நொதி பாக்டீரியாவிலிருந்து வந்தபோதும் மரபணு மாற்றம்தான் பேச்சு. ஆனால் நொதி துளியளவே சேரும், இங்கே புரதமே உணவு. எனவே பூஞ்சையின் மிச்சப் புரதம், நச்சு எல்லாவற்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். இந்தியாவில் தரநிலை வகுக்கப்படாத உணவுகளுக்கான 2017 விதிகளின்படி முன்அனுமதி வாங்காமல் விற்க முடியாது.

அடுத்தது பெயர். இந்திய விதியில் பால் என்றால் கறவை விலங்கின் மடிச்சுரப்பு. ஐரோப்பிய நீதிமன்றமும் 2017இல் சோயாவுக்குப் 'பால்' என்ற பெயர் கூடாது என்றது. தேங்காய்ப்பால் போன்ற சில பெயர்கள் வழக்காற்றால் தப்பின. பூஞ்சைப் புரதத்தில் பெயரைவிட ஒவ்வாமை முக்கியம். லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இல்லை, மாடு இல்லை என்று அட்டையில் படித்து ஒருவர் வாங்கலாம். பால் புரத ஒவ்வாமை உள்ளவருக்கு இது அதே பால்தான். 'பால் புரதம் உள்ளது' என்ற எச்சரிக்கை பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

பூஞ்சைப் புரதத்தைப் பசும்பாலில் கலந்து விற்கும் கலப்படம்தான் யாரும் போதிய அளவு பேசாத விஷயம். நெய்யில் வனஸ்பதி கலப்பதைப் பிடிக்க, வனஸ்பதியில் 5 விழுக்காடு நல்லெண்ணெய் சேர்க்கச் சட்டம் கட்டாயப்படுத்தியது. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் விட்டால் சிவப்பேறும். பூஞ்சைப் புரதத்துக்கு அப்படி ஓர் அடையாளம் இல்லை. பசுவின் பீட்டா லாக்டோகுளோபுலினில் ஏ, பி என்ற இரு வகைகள் பரவலானவை. 64, 118ஆம் இடங்களில் அமினோ அமிலம் மாறும். பல மாடுகளின் பால் சேர்ந்த கேனில் இரண்டும் இருக்கும், பூஞ்சையோ கொடுத்த வகையை மட்டும் தரும். விகிதம் சாய்ந்தால் சந்தேகப்படலாம், அதை மட்டும் வைத்து நிரூபிக்க முடியாது. அடையாளப் பொருள் ஒன்றை உற்பத்தியிலேயே சேர்க்கச் சொல்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

விவசாயிக்கு அடி எங்கிருந்து வரும்? டம்ளர் பாலிலிருந்து அல்ல, பவுடரிலிருந்து. 2023-24இல் இந்தியா கறந்த பால் சுமார் 23.9 கோடி டன். மிஞ்சும் பால் கொழுப்பு நீக்கிய பவுடராகிறது. ஒரு கிலோவுக்குச் சுமார் 11 லிட்டர் பிடிக்கும். பவுடர் விலை சரிந்தால் கொள்முதல் விலையும் சரியும். 2018 ஜூலையில் மகாராஷ்டிர விவசாயிகள் லிட்டருக்கு 5 ரூபாய் கூட்டிக் கேட்டுப் பாலைச் சாலையில் கொட்டியதன் பின்னணி அதுவே. உடற்பயிற்சிக்காரர்களின் வே பவுடர் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. அதைப் பூஞ்சை பிடித்தால் நம் தொழுவத்துக்கு உடனடி நட்டம் குறைவு. கேசீன் மலிவாக வந்தால்தான் பவுடருக்கே போட்டி.

அப்போதும் எல்லோருக்கும் ஒரே அளவு அடி விழாது. பால் கூட்டுறவுச் சங்கங்கள் கொழுப்புக்கும் இதரச் சத்துக்கும், அதாவது புரதம், பால் சர்க்கரை, தாது ஆகியவற்றுக்கும், சேர்த்து விலை போடுகின்றன. எருமைப் பாலில் காசு கொழுப்பில் இருக்கிறது. நெய்க்குப் பூஞ்சைத் தொட்டி இன்னும் மாற்றுத் தரவில்லை. இதரச் சத்தை நம்பியிருப்பது கலப்பினப் பசு வைத்திருப்பவர். தமிழகத்தில் கறப்பது பெரும்பாலும் அந்தப் பசுக்களைத்தான்.