சத்தம் கூடினால் பவர் கூடியதாக அர்த்தமில்லை

நேற்று ஒரு பைக்கின் சிலிண்டரைக் கழற்றினேன். ஓடியது பதினைந்தாயிரம் கிலோமீட்டர்கூட இல்லை. போரின், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் துளையின், உள்சுவரில் நகம் வைத்தால் தட்டுப்படும் அளவுக்கு நெடுக்குக் கோடுகள். பிஸ்டன் ரிங் தேய்ந்து பல்லிளிக்கிறது. ஆயில் எரிந்து சைலன்சரில் நீலப் புகை. "ஆயில் மாற்றத் தவறியதே இல்லை அண்ணா" என்கிறார் வண்டிக்காரத் தம்பி. பொய் சொல்லவில்லை, ஆயில் சுத்தமாகத்தான் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்பு வண்டியோடு வந்த ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு வடிவ ஃபில்டர் ஒன்றைத் தானே வாங்கி மாட்டியிருக்கிறார். அதன் கழுத்து, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் வாயைவிடக் கொஞ்சம் பெரிது. கிளாம்ப்பை இறுக்க இறுக்க ரப்பர் ஒரு பக்கம் மடிந்துவிட்டது. அந்த மடிப்பு வழியாக எட்டு மாதமாகத் தெருப் புழுதி நேராக என்ஜினுக்குள். தூசி என்றால் பெரும்பாலும் நுண்ணிய மணல். ஆயிலோடு சேர்ந்தால் நாங்கள் வால்வு தேய்க்கும் பேஸ்ட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த மாதம் இது மூன்றாவது வண்டி. மூன்று பேரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: "காற்று நிறையப் போனால் பவர் ஏறும்."

இந்த ஒரு வரியைக் கேட்டாலே எனக்கு ஸ்பேனர் கையிலிருந்து நழுவுகிறது. கொஞ்சம் கணக்குப் போடுவோம். 150 சிசி, ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் என்ஜின். நிமிடத்துக்கு 8,000 சுற்று ஓடினாலும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கும். அதாவது 4,000 முறை. ஒவ்வொரு முறையும் சிலிண்டர் முழுக்க நிறைந்தால்கூட நிமிடத்துக்கு 600 லிட்டர். அவ்வளவுதான் அதன் வயிறு. இந்த அளவைத் தாராளமாக விடும்படிதான் பழைய ஃபில்டரும் பெட்டியும் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. அதிலும் நீங்கள் 8,000 சுற்றில் ஓட்டுவது எத்தனை நிமிடம்? மிச்ச நேரமெல்லாம் ஆக்சிலரேட்டரைக் கால்வாசி திருகிக்கொண்டு போகிறீர்கள். அப்போது காற்றை மறிப்பது ஃபில்டர் அல்ல, பாதிக்கு மேல் மூடியிருக்கும் த்ராட்டில், அதாவது ஆக்சிலரேட்டரைத் திருகினால் திறக்கும் காற்றுக் கதவு. குழாயைக் கால் திருகு மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, தொட்டியிலிருந்து வரும் பைப்பைப் பெரிதாக்கினால் வாளி சீக்கிரம் நிறையுமா?

இன்னொன்று. பெட்டி வெறும் பிளாஸ்டிக் டப்பா இல்லை. அமைதியான, சூடேறாத காற்றை என்ஜினுக்குக் கொடுப்பது அதன் வேலை. அதன் கொள்ளளவும் குழாயின் நீளமும் நடு வேகத்தில் இழுவை கிடைக்கும்படி கணக்கிட்டவை. அதைத் தூக்கிவிட்டுச் சிலிண்டருக்குப் பின்னால் கூம்பைத் திறந்து வைத்தால், என்ஜின் சூட்டில் வெந்த காற்றைத்தான் அது குடிக்கும். காற்று 10 டிகிரி சூடேறினால் அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். பவர் ஏற்றக் கிளம்பியவர் இருந்ததையும் இறக்குகிறார்.

"இல்லை அண்ணா, மாட்டியதும் வண்டி பறந்தது" என்பார்கள். பறந்திருக்கலாம். பழைய ஃபில்டர் புழுதி அடைத்து மூச்சுத் திணறிக்கொண்டிருந்திருக்கும். அதே மாதிரியில் புதிதாக ஒன்று போட்டிருந்தாலும் அதே பிக்கப் வந்திருக்கும். அப்புறம், காதுக்கருகே "உர்ர்" என்று இழுக்கும் சத்தம் மனத்தை ஏமாற்றும். சத்தம் பிடித்திருக்கிறது என்று நேரடியாகச் சொல்லுங்கள், அதில் எனக்குச் சண்டையே இல்லை. எனக்கும் பிடிக்கும்.

காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்பது பாலபாடம். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மாற்றாமல் ஃபில்டரை மட்டும் மாற்றினால் பெட்ரோல் போதாது. ஆக்சிலரேட்டரை விடும்போது பட்பட் என்ற வெடிப்பு, நடுவில் ஒரு தடுமாற்றம், சூடு, வெளிறிய பிளக் எல்லாம் வரிசையாக வரும். பிளக் இளம்பழுப்பாக இருக்க வேண்டும். சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் மேற்கொண்டு முறுக்காதீர்கள், பிஸ்டன் ஓட்டையாகும். என்ஜின் இழுக்கும் விசையில் தானே திறக்கும் வேக்யூம் கார்புரேட்டர் என்றால் இன்னும் தொல்லை. ஜெட் மாற்றியும் நடு வேகத்தில் சரிக்கட்டுவதற்குள் என் பொறுமை போய்விடும்.

இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரர்கள் "கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்" என்று சிரிக்கிறார்கள். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டியில் சீராகப் போகும்போது ஓரளவுக்குப் பார்த்துக்கொள்ளும். முழுசாகத் திருகும்போது பெரும்பாலான வண்டிகளில் சென்சாரைக் கேட்காமல், ஏற்கெனவே எழுதி வைத்த அட்டவணைப்படிதான் பெட்ரோல் ஊற்றும். அந்த அட்டவணைக்கு உங்கள் புது ஃபில்டரைத் தெரியாது.

இவ்வளவுக்குப் பிறகும் மாட்டத்தான் போகிறீர்களா? சரி. உங்கள் மாடலுக்கென்றே வரும், பழைய பெட்டிக்குள்ளேயே உட்காரும் ஃபில்டராக வாங்குங்கள். முக்கால்வாசித் தொல்லை அத்தோடு போகும். கூம்புதான் என்றால் கழுத்தின் உள்விட்டத்தை அளந்து வாங்குங்கள். டேப் சுற்றிச் சரிக்கட்டுவதை வேலை என்று சொல்லாதீர்கள். கழற்றியவுடன் த்ராட்டில் வாயில் நூல் பிரியாத சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள். உள்ளே விழுந்த ஒரு வாஷருக்காக நான் ஹெட்டை இறக்கியிருக்கிறேன். இரண்டு சிலிண்டர் V வடிவில் நிற்கும் பெரிய வி-ட்வின் வண்டிகளில் ஃபில்டர் தட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளே பிரீதராகவும், அதாவது என்ஜினுக்குள் சேரும் அழுத்தம் வெளியேறும் வழியாகவும், இருக்கும். அங்கே கொடுத்திருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை விட்டுவிட்டால் ஒரு பக்கம் ஆயில் கசியும், இன்னொரு பக்கம் வடிகட்டாத காற்று நுழையும். அந்தப் போல்ட்டுகளுக்கு நீல நிற த்ரெட்லாக் பசை ஒரு சொட்டு, டார்க் ரெஞ்சில் சொன்ன அளவு இறுக்கம். அதற்கு மேல் வீரம் வேண்டாம்.

பிரீதர் குழாயை மறந்துவிடாதீர்கள், தயவுசெய்து. பழைய பெட்டியில் செருகியிருந்த அந்தக் குழாயைச் சிலர் போல்ட் போட்டு அடைக்கிறார்கள்! கிரான்க்கேஸில், அதாவது என்ஜினின் அடிப்பெட்டியில், சேரும் அழுத்தம் எங்கே போகும்? சீலைப் பிதுக்கிக்கொண்டு வரும். அடைக்காமல் சும்மா தொங்கவிட்டால் பின் டயரில் ஆயில் சொட்டும்.

எண்ணெய் தோய்க்கும் பருத்தி ஃபில்டருக்கு அதற்கான எண்ணெயை மட்டும், அளவாக. காய்ந்த ஃபில்டர் தூசியை விட்டுவிடும், சொட்டச் சொட்ட நனைத்தால் எண்ணெய் உள்ளே ஒழுகும். ஃபோம் ஃபில்டரைப் பெட்ரோலில் அலசாதீர்கள். பேப்பர் ஃபில்டரைக் கம்ப்ரஸரால் பிய்த்தெடுக்காதீர்கள். திறந்த கூம்பு என்றால் மழைக்கு மேலுறை அவசியம். ஆறேழு நாள் ஓட்டியபின் ஃபில்டரைக் கழற்றி, அதற்கு உட்பக்கம் விரலை விட்டுத் துடையுங்கள். விரலில் புழுதி ஒட்டினால் எங்கோ இடைவெளி இருக்கிறது. அன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள்.

பழைய பெட்டியை ரப்பர், ஸ்க்ரூவோடு ஒரு பையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். நேற்று வந்த தம்பி எறிந்துவிட்டார். போர் வேலை இன்று முடிந்துவிடும். பெட்டி கிடைக்கும்வரை அவர் வண்டி என் பட்டறையில்தான் நிற்கிறது.