மூன்றாம் நாள் அழுகை

களியக்காவிளை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மருமகளுக்கு ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள். தையல் ஆறுகிறது, பாலும் வருகிறது. ஆனால் மூன்றாம் நாளிலிருந்து காரணமே இல்லாமல் அழுகிறாள். இசக்கி அடித்திருக்கும், கயிறு மந்திரித்துக் கட்டுங்கள் என்கிறார்கள் சிலர். நாங்கள் பெறாத பிள்ளையையா இவள் பெற்றாள் என்கிறார்கள் வேறு சிலர். எதை நம்புவது?"

இரண்டையும் நம்ப வேண்டாம். மூன்றாம் நாள் என்று நாளைக் குறித்து எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அதில்தான் இருக்கிறது.

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கும் என்பது பள்ளிப்பாடம். பிரசவம் நெருங்கும்போது ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் அது 100 நானோகிராமுக்கு மேல் போய்விடும். அதில் ஒரு பங்கு, இரண்டு நொதிகள் வழியாக அலோபிரெக்னனலோன் என்ற ஸ்டீராய்டாக மாறுகிறது. மூளைக்கும் எளிதாகப் போய்ச் சேரும்.

காபா என்பது நரம்பணுக்களை அடக்கும் ரசாயனம். அது வந்து உட்கார மூளை நரம்பணுக்களின் சவ்வில் காபா ஏற்பிகள் இருக்கின்றன. ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நிற்கும், நடுவில் துளை. பேச்சிப்பாறைத் தண்ணீர் ஓடும் கால்வாயில் உள்ள மடையை நினைத்துக்கொள்ளுங்கள். காபா வந்து உட்கார்ந்தால் மடைப்பலகை மேலேறும், குளோரைடு அயனிகள் உள்ளே பாயும், நரம்பணு அடங்கும். அலோபிரெக்னனலோனின் வேலை, ஏறிய பலகை சட்டென்று விழாமல் தாங்கிப் பிடிப்பது. டெல்டா என்ற துண்டு உள்ள மடைகள் இதற்கு மிக நன்றாக இணங்கும். நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி இருந்துகொண்டு, இரவும் பகலும் மெல்லிய அமைதியைக் கசியவிடுபவை இவை.

மாதக்கணக்கில் இத்தனை கைகள் பலகைகளைத் தாங்கினால் மூளை மயங்கிக் கிடக்க வேண்டாமா? அதனால் மூளை மடைகளையே குறைத்துக்கொள்கிறது. கர்ப்பமுற்ற எலிகளில் டெல்டா ஏற்பிகள் குறைவதும், ஈன்றபின் பழைய அளவுக்குத் திரும்புவதும் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. சிக்கல் வேகத்தில்தான். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் ஊற்று நின்றுவிடும். இரண்டு மூன்று நாளில் ஸ்டீராய்டு அடிமட்டத்துக்கு வரும். புதுப் புரதம் செய்து சவ்வில் பொருத்த அதைவிட நேரம் பிடிக்கலாம். கைகளும் போயின, மடைகளும் போதவில்லை. பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் மூன்று முதல் ஐந்தாம் நாள் வரை அழுவதற்கு இன்று சொல்லப்படும் விளக்கங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். அந்த அழுகை இரண்டு வாரத்துக்குள் தானாக வடியும். நாலாம் நாள் கயிறு கட்டிய மந்திரவாதிக்குப் பத்தாம் நாள் பேர் கிடைப்பதும் இதனால்தான்.

சிலருக்கு ஏன் வடியாமல் பேறுகால மனச்சோர்வாக நீள்கிறது? 2000இல் வெளியான ஓர் ஆய்வில் 16 பெண்களுக்குக் கர்ப்பகால ஹார்மோன் அளவுகளை மருந்தால் உண்டாக்கி, பிறகு சட்டென்று நிறுத்தினார்கள். முன்பு பேறுகால மனச்சோர்வு வந்த 8 பேரில் 5 பேருக்கு மனநிலை சரிந்தது. மற்ற 8 பேரில் ஒருவருக்கும் இல்லை. இரு தரப்புக்கும் ஒரே ஹார்மோன்தான், மூளை எதிர்கொண்ட விதம்தான் வேறு. ஆகவே ஹார்மோன் டெஸ்டுக்குப் பணம் செலவழித்தால் விடை வராது. ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் பாருங்கள். இரண்டும் மனச்சோர்வு மாதிரியே வேஷம் போடும்.

இதே ஸ்டீராய்டை 60 மணி நேரம் டிரிப்பாக ஏற்றும் மருந்துக்கு அமெரிக்கா 2019இல் அனுமதி தந்தது. அப்போது அதன் விலை சுமார் 34,000 டாலர். 2023இல் 14 நாள் மாத்திரை வந்தது. நம் பெண்களை வைத்து இந்த ஆய்வுகளைச் செய்ய இங்கே பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி. அதுவரை பேறுகால மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ வினாத்தாள் இருக்கிறது: கடந்த 7 நாளைப் பற்றிப் பத்துக் கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண், தமிழிலும் உண்டு. 13ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய பத்தாம் கேள்விக்குப் பூஜ்யம் தவிர எது வந்தாலும் அன்றைக்கே. செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மாத்திரை கொடுத்தால் பொதுவாகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பத்தாம் நாள் "ஒன்றும் கேட்கவில்லை" என்று பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்.

கஷ்டப் பிரசவம் விடும் காயம் வேறு வகை. அவசர அறுவை, பெரும் ரத்தப்போக்கு இவற்றுக்குப் பிறகு பிரசவ அறை கனவில் திரும்பத் திரும்ப வரும். தடுப்பூசிக்குக்கூட ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கப் பயப்படுவார்கள். இதற்கு மனநல ஆலோசனை வேண்டும். "பிள்ளை நல்லா இருக்கில்ல, பிறகென்ன" என்ற பேச்சு வாயை அடைக்கத்தான் உதவும்.

வீட்டில் செய்ய வேண்டியது: இரவில் ஒரு வேளைப் பாலைக் கறந்து வைத்து வேறொருவர் புகட்டினால் அவளுக்குத் தொடர்ச்சியாக நான்கைந்து மணி நேரத் தூக்கம் கிடைக்கும். வேதுக் குளியல் இருக்கட்டும், தண்ணீர் குடிக்காதே என்ற பத்தியம் வேண்டாம். அழுகை இரண்டு வாரம் தாண்டினால் 28 கெட்டு (பிள்ளைக்கு 28ஆம் நாள் அரைஞாண் கட்டும் சடங்கு) முடியட்டும் என்று காத்திராமல் 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம்.

உறங்காமல் கிடந்து, குரல் கேட்கிறது என்றோ, இது என் பிள்ளை இல்லை என்றோ அவள் சொன்னால் அது வேறு நோய். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் வரும். இசக்கி என்று பேர் வாங்குவது இதுதான். பிள்ளையை அவளுடன் தனியே விடாமல், அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ திருவனந்தபுரத்துக்கோ, எது பக்கமோ அங்கே கொண்டுபோக வேண்டும்.