மறைவுக் குறிப்பு: இரங்கலும் அஞ்சலியும் வேறு

போன வாரம் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு வரி: "அவர் நோயில் விழுந்த உடனேயே நாளிதழ்கள் அவருக்கான இரங்கலைத் தயார் செய்து வைத்துவிட்டன." உயிரோடு கட்டிலில் கிடக்கும் மனிதருக்கு இரங்கல். நாலு பக்கம் தள்ளி இன்னொரு வரி: "கடைசி நாட்களில் தன்னுடைய இரங்கலைத் தானே எழுதினார்." தான் செத்ததற்குத் தானே வருத்தம் தெரிவித்துக்கொண்டார் என்று ஆகிறது. மூலத்தைத் தேடிப் பார்த்தேன். இரண்டு இடத்திலும் இருந்தது ஒரே ஆங்கிலச் சொல்தான், ஒபிச்சுவரி. இறந்தவரின் வாழ்க்கையைச் சுருக்கிச் சொல்லும் பத்திரிகைக் குறிப்பு.

முதல் தடவை என்றால் திருத்திவிட்டுப் பேசாமல் போயிருப்பேன். இந்த ஆண்டிலேயே எத்தனை புத்தகத்தில் பார்த்தேன் என்று எண்ணிக்கை விட்டுப்போயிற்று. இரங்கல், இரங்கற்குறிப்பு, அஞ்சலி, அஞ்சலிக் கட்டுரை, புகழஞ்சலி என்று ஆளுக்கு ஒன்று எழுதுகிறார்கள். ஒன்றுகூட அந்தச் சொல்லின் பொருளைச் சொல்லவில்லை.

ஒபிச்சுவரி லத்தீனிலிருந்து வந்தது. ஒபிட்டுஸ் என்றால் சாவு. அதற்கு அடியான வினைக்கு எதிர்கொண்டு போதல், போய்ச் சேர்தல் என்று பொருள். சூரியனும் விண்மீன்களும் மறைவதற்கும் அதே சொல்தான். இடைக்காலத்துத் தேவாலயங்களில் இறந்தவர் பெயரையும் நாளையும் எழுதி வைத்த ஏட்டுக்கு அதிலிருந்து பெயர் வந்தது. இறந்தவரின் வாழ்க்கையைச் சுருக்கிச் சொல்லும் குறிப்பு என்ற இன்றைய பொருள் ஆங்கிலத்தில் 18ஆம் நூற்றாண்டில் ஏற்பட்டது. ஆக, பிறப்பிலேயே அது ஒரு பதிவேடு. அழுகையும் கும்பிடும் அதன் பொருளில் இல்லை.

இரங்கல் என்பது மனநிலை. கடற்கரையைப் பாடும் நெய்தல் திணைக்கு உரிப்பொருளாக, அதாவது உரிய உணர்வாக, தொல்காப்பியம் சொல்வது அதைத்தான். கடற்கரையில் நிற்பவள் உயிரோடுதான் இருக்கிறாள், பிரிந்து போனவனும் உயிரோடுதான் இருக்கிறான், நடுவில் இருப்பது வருத்தம். இரங்கல் கூட்டம் சரி, இரங்கல் தீர்மானம் சரி, இரங்கல் தெரிவித்தார் என்பதும் சரி. அங்கெல்லாம் நடப்பது வருத்தத்தைச் சொல்வதுதான். அஞ்சலி வடசொல், குவித்த கை என்று பொருள். உடலுக்கு முன்னால் நின்று பூ வைப்பவர் அஞ்சலி செலுத்துகிறார். யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் கைகூப்பி நிற்பவரிடம் "இவர் எந்த ஊர், எந்த ஆண்டு பிறந்தார்" என்று நாம் கேட்பதில்லை. மறைவுக் குறிப்பு எழுதுகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

இந்தக் குழப்பத்தால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். பாடகரும் நடிகருமான எம். கே. தியாகராஜ பாகவதரைப் பற்றி வரும் எழுத்தைப் பாருங்கள். ஏழிசை மன்னர், தங்கத் தட்டில் சாப்பிட்டவர், கடைசியில் வறுமையில் போனார், கண்ணீர் அஞ்சலி. பத்தில் ஒன்பது இதோடு நின்றுவிடும். 1934இல் 'பவளக்கொடி'யில் திரைக்கு வந்தார் என்பதும், 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்டது என்பதும், அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தபோதே பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் சிறைக்குப் போனார் என்பதும் ஒரே மூச்சில் சொல்லப்பட வேண்டியவை. மேல்முறையீடு அன்றைய உச்ச நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல் விடுதலையாகி வந்தார். அதற்குப் பிறகு எடுத்த படங்கள் ஓடவில்லை. 1959 நவம்பர் 1ஆம் தேதி இறந்தபோது வயது 49. இவ்வளவையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் நாம் சேர்க்க வேண்டியதில்லை, படிப்பவருக்குத் தானாக வரும். அஞ்சலி என்று தலைப்புப் போட்டுவிட்டால் எழுதுபவருக்கு இந்த வேலை எதுவும் இல்லாமல் போகிறது. 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்ற ஒரே வாக்கியம் எல்லாருக்கும் பொருந்திவிடுகிறது.

இதெல்லாம் மேல்நாட்டுப் பத்திரிகை வழக்கம், நமக்குப் பழக்கமில்லை என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அப்படியானால் செத்த வீரனுக்கு நட்டு வைத்த நடுகல்லை எங்கே கொண்டு போய் வைப்பது? "பெயரும் பீடும் எழுதி, அதர்தொறும் பீலி சூட்டிய பிறங்குநிலை நடுகல்" என்கிறது அகநானூறு. பெயர், அப்புறம் பீடு, அதாவது அவன் செய்த பெருஞ்செயல். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் ஒன்றில் தமிழி என்ற பழைய எழுத்தில் இருப்பது இவ்வளவுதான்: 'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்'. ஆள் பெயர் தீயன் அந்தவன், பேடு என்ற ஊர்க்காரன், கூடலூரில் ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில் செத்தான், இது அவனுடைய கல். 'அந்தோ' இல்லை, 'ஐயகோ' இல்லை. யார், எந்த ஊர், எதில் போனான் என்ற மூன்றும் இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டு கழித்து அவனை நமக்குத் தெரிகிறது.

யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வானொலியிலும் நாளிதழிலும் வரும் சாவுச் செய்திக்கு அவர்கள் மரண அறிவித்தல் என்று பெயர் வைத்தார்கள். முப்பத்தோராம் நாள் வீட்டில் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்குக் கல்வெட்டு என்றே பெயர். கல் காகிதமானாலும் பெயர் போகவில்லை. அதில் திதி வெண்பா என்று ஒன்று இருக்கும். இறந்த ஆண்டு, மாதம், திதி எல்லாம் யாப்புக்குள் அடங்கியிருக்கும். அழுகைப் பாட்டும் அதே புத்தகத்தில் உண்டு, ஆனால் தனியாக. இரண்டும் வேறு என்று அவர்களுக்குத் தெரியும். பாரதி 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி இறந்தார், அதனால் 12 என்பதே சரியான தேதி என்று ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டியும் இன்றுவரை 11ஆம் தேதியே கொண்டாடப்படுகிறது. இந்த இடத்தில் எனக்கு, நாளைத் தப்பாமல் கட்டி வைக்கும் திதி வெண்பா ஞாபகம் வரும்.

சரி, தமிழ்ச் சொல் என்ன? இங்கேதான் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ஒபிச்சுவரிக்கு 'நீத்தார் பெருமை' என்று போடுகிறார்கள். கேட்கக் கம்பீரமாக இருக்கிறது, குறளில் இருக்கிறது, வடமொழி கலக்கவில்லை. இத்தனை தகுதியும் இருந்து, சொல் தப்பு.

குறளின் மூன்றாம் அதிகாரம் நீத்தார் பெருமை. அங்கே நீத்தார் என்றால் துறவிகள். முற்றத் துறந்த முனிவர் என்றுதான் பரிமேலழகர் உரை. அதைவிட, வள்ளுவரே அந்த அதிகாரத்தின் இரண்டாம் குறளில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் செய்துவிட்டார்: "துறந்தார் பெருமை துணைக்கூறின் வையத்து இறந்தாரை எண்ணிக்கொண் டற்று." துறந்தவர் பெருமையை அளப்பது, உலகத்தில் இதுவரை இறந்தவர்களை எண்ணிப் பார்ப்பது போல. துறந்தார் ஒரு பக்கம், இறந்தார் ஒரு பக்கம். அவர் இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்ததை அவருடைய அதிகாரத் தலைப்பைக் கொண்டே நாம் கலக்கிவிட்டோம். செத்தவரைச் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் உயிரைச் சேர்த்தே சொல்கிறார்: "உயிர்நீப்பர் மானம் வரின்." நீத்தல் என்றால் விடுதல். எதை விட்டார் என்பதைச் சொன்னால்தான் சாவு. தனியாக நின்றால் உலகத்தை விட்டவர், அதாவது துறவி.

'நீத்தார் கடன்' என்கிறோமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கடன் என்ற சொல் பக்கத்தில் நின்று பொருளைக் காட்டிக் கொடுக்கிறது, வழக்கிலும் ஊறிவிட்டது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீத்தார் பெருமை என்று நான் எழுதினால் படிக்கிறவர் மனதில் முதலில் வருவது குறள்தான். தலைப்பைப் பார்த்துத் துறவியர் பற்றிய கட்டுரை என்று பக்கத்தைப் புரட்டிய ஒருவரை எனக்கே தெரியும்.

நீத்தாரை விட எனக்குப் பெரிய தடை 'பெருமை'தான். அப்படிப் பெயர் வைத்த குறிப்பில் பாகவதரின் சிறையை எழுத முடியுமா? ஓடாத படங்களை? ஒரு காலத்தில் ஊரே கொண்டாடி, பிறகு மறந்துபோன மனிதரை நினைவுகூரும்போது, எப்படி மறந்தோம் என்பதும் அந்தக் கதையில் பாதி. பெருமை என்ற சொல் அந்தப் பாதியை வெளியே நிறுத்திவிடுகிறது. மொழித் தூய்மை எனக்கும் வேண்டும். இருபது வருடமாக அதற்காகத்தான் சிவப்புப் பேனா பிடிக்கிறேன். தூய்மையான சொல்லே பொருளை மறைத்தால் அதைத் தூக்கி வைத்து என்ன பயன்?

இறப்புக் குறிப்பு என்று எழுதலாமா என்று யோசித்தேன். பொருள் சரி. ஆனால் இறப்புச் சான்றிதழ் வாங்க வரிசையில் நின்றவர்களுக்கு அந்த அலுவலகத்து வாசனைதான் அடிக்கும். சாவு நேர்ந்த விதத்தைச் சொல்லும் மருத்துவமனைக் காகிதம் என்றும் படலாம்.

மறைவுக் குறிப்பு என்பதே பொருத்தம். லத்தீனில் சூரியன் மறைவதற்கும் மனிதன் சாவதற்கும் ஒரே சொல் என்றேனே, தமிழிலும் அப்படியே. ஞாயிறு மறைந்தது, தலைவர் மறைந்தார். நடுகற்களில் வரும் 'பட்டான்' என்ற சொல்லும் இதே வழிதான்: பொழுது பட்டது, வீரன் பட்டான். மறைவு என்பது வெறும் மழுப்பல், இறந்தார் என்றே சொல்லுங்கள் என்று வாதிடுவோரும் உண்டு. செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கல வழக்கு என்று இலக்கணமே ஏற்றுக்கொண்டது. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்று அரசனை அவன் இறந்த இடத்தை வைத்தே அடையாளம் சொன்ன மொழி இது. அடக்கமாகச் சொல்வதும் துல்லியமாகச் சொல்வதும் அதில் ஒன்றாகவே நடந்தன.

மொழிபெயர்ப்பவர்கள் மேல் எனக்கு இருக்கும் வருத்தம் இதுதான். அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் பட்டதை எடுக்கிறார்கள். அந்த வாக்கியத்தில் யார் உயிரோடு இருக்கிறார், யார் எழுதுகிறார் என்று ஒரு நிமிடம் பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் நோயாளிக்கு இரங்கல் வந்திருக்காது.

அந்த மெய்ப்பைத் திருப்பி அனுப்பப் போகும் வழியில் எங்கள் தெரு முனைச் சுவரில் புதிதாக ஒரு சுவரொட்டி. மேலே பெரிய எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. நடுவில் வேட்டி சட்டையில் ஒரு பெரியவர் படம், பசை இன்னும் காயவில்லை. படத்துக்கு இடது பக்கம் தோற்றம் என்று ஒரு தேதி, வலது பக்கம் மறைவு என்று ஒரு தேதி. வருத்தத்துக்கு ஒரு சொல்லும் பதிவுக்கு வேறு சொல்லுமாக, அச்சகத்தில் யாரோ பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். நானும் கையில் இருந்த மெய்ப்பில் இரண்டு இடத்திலும் இரங்கலை அடித்துவிட்டு, மறைவுக் குறிப்பு என்று எழுதியிருந்தேன்.