பால்மானியை ஏமாற்றிய ஏடு

பாலைச் சோதிக்க இன்றும் பலர் பால்மானியை மட்டுமே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையின் ஓட்டையை விக்டோரியா காலத்து இலண்டன் பால்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

நல்ல பசும்பாலின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 60 டிகிரி பாரன்ஹீட்டில் ஏறக்குறைய 1.028 முதல் 1.034 வரை இருக்கும். தண்ணீர் கலந்தால் குறையும், பால்மானி ஆழமாக அமிழும். ஆனால் கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. 1.032 உள்ள பாலில் ஏட்டை வழித்தெடுத்தால் அளவு 1.036 வரை ஏறும். கலவையில் பத்தில் ஒரு பங்கு இருக்குமாறு தண்ணீர் ஊற்றினால் மறுபடி 1.032! ஏட்டை விற்றும் காசு, தண்ணீரை விற்றும் காசு. போதாக்குறைக்கு, பால் சூடாக இருந்தாலோ நுரை அடங்காமல் இருந்தாலோ கலப்படமே இல்லாத பாலும் குறைவாகக் காட்டும்.

நூறு பிரிவுகள் போட்ட கண்ணாடிக் குழாயில் பாலை ஊற்றிவைத்து, திரளும் ஏட்டை அளப்பதும் வழக்கம். அதுவும் சரிப்படவில்லை. தண்ணீர் கலந்த பாலில் ஏடு இன்னும் சுலபமாக மேலே வந்துவிடும்.

பாலில் சுண்ணாம்புத்தூள், ஆட்டு மூளை என்றெல்லாம் ஊரில் பேச்சு. 1850களில் ஆர்தர் ஹில் ஹாசல் என்ற மருத்துவர் ஆராய்ந்தபோது முதன்மையாகச் சிக்கியது வெறும் தண்ணீர்தான்.

1875-இன் உணவு, மருந்து விற்பனைச் சட்டப்படி பால் மாதிரியை மூன்றாகப் பிரிப்பார்கள்: விற்றவருக்கு ஒன்று, பகுப்பாய்வாளருக்கு ஒன்று, தகராறு வந்தால் பார்க்க ஒன்று. ஆய்வகத்தில் வாங்க்ளின் என்ற வேதியியலாளரின் முறை. 5 கிராம் பாலைப் பிளாட்டினத் தட்டில் வைத்து, கொதிநீர்த் தொட்டியின் மேல் சுமார் 3 மணி நேரம் வற்றவிட்டு நிறுப்பார்கள். பிறகு ஈதர் என்ற கரைப்பானால் கொழுப்பைக் கரைத்தெடுத்துக் கழித்தால், மிஞ்சுவது கொழுப்பில்லாத் திடப்பொருள். நம் பால் சங்கங்களில் எஸ்.என்.எஃப். என்கிறோமே, அதேதான். அதற்கு 9 சதவீதம் என்று எல்லை வைத்தார்கள். 7.2 வந்தால் 7.2-ஐ 9-ஆல் வகுக்க 80. ஆக, 20 சதவீதம் தண்ணீர்.

கோளாறு அந்த 9-லேயே இருந்தது. காய்ந்து இறுகிய திடப்பொருளுக்குள் கொழுப்பு மாட்டிக்கொள்ளும், ஈதர் அங்கே எட்டாது. எட்டாத கொழுப்பு மற்ற திடப்பொருளின் கணக்கில் சேர்ந்துவிடும். 1885-இல் ஆடம்ஸ் என்ற ஆய்வாளர் பாலை மையொற்றுத்தாள் சுருளில் ஊறவைத்து, உலர்த்தி, ஈதரில் கரைத்தார். பால் மெல்லிய படலமாகப் பரவியதால் கொழுப்பு முழுதாக வெளியே வந்தது. அதன்பின் எல்லை 8.5-க்கு இறங்கியது. அந்தக் கணக்கில் அதே 7.2-க்குத் தண்ணீர் 15 சதவீதம்தான்.

தகராறு மாதிரிகள் சாமர்செட் ஹவுஸில் இருந்த அரசு ஆய்வகத்துக்குப் போகும். போய்ச் சேர்வதற்குள் பால் புளித்துத் திடப்பொருள் குறைந்திருக்கும். அந்த இழப்பை ஈடுகட்ட ஒரு தொகையைக் கூட்டிக்கொள்வார்கள். வழக்குகளில் இழுபறிக்கு இது போதாதா?

1901-இன் பால் விற்பனை விதிகள் கொழுப்பு 3 சதவீதம், மற்ற திடப்பொருள் 8.5 சதவீதம் என்று வரையறுத்தன. வளமான பாலை அந்த எல்லைவரை தண்ணீரால் இறக்கினால் எந்தத் தராசும் பிடிக்காது. ஊற்றிய தண்ணீர் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்றும் சொல்லாது. 1870-இல் இலண்டனின் இஸ்லிங்டன் பகுதியில் டைபாய்டு பால் வழியாகவே பரவியது.

பால் கெடாமலிருக்கப் போரிக் அமிலமும் கலந்தார்கள். அதைப் பிடித்தது மஞ்சள் தடவிய தாள். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டாலே மஞ்சள் சிவக்கும் என்பதால், பாலில் அப்படிப்பட்ட காரம் இருந்தால் அதை முறிக்க முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்க வேண்டும். தாளை அதில் நனைத்து உலர்த்தியபின் சிவந்து, அதன்மேல் காரம் பட்டதும் கரும்பச்சையானால் போரிக் அமிலம் உண்டு.