பாயி: கங்குபாயின் பெயரில் இருக்கும் அம்மாள்

கங்குபாய் ஹங்கல், ஹீராபாய் படோதேகர், கேசர்பாய் கேர்கர், மோகுபாய் குர்டிகர். இருபதாம் நூற்றாண்டில் கயால் என்ற இந்துஸ்தானிப் பாட்டு வகையைப் பெரும் சபைகளுக்குக் கொண்டுசென்ற பெண்களின் வரிசையில் இந்த நால்வரும் முன்னால் நிற்கிறார்கள். நால்வர் பெயரும் ஒரே ஒட்டில் முடிகிறது. அதைத் தமிழில் 'பாய்' என்று எழுதிவிடுகிறோம். 'பாய் கடை' என்று நாம் சொல்லும்போது வரும் 'பாய்' வேறு. அது 'பிராத்ரு' என்ற வடசொல்லிலிருந்து பிராகிருதம் வழியாக இந்திக்கு வந்தது. அண்ணன் தம்பியைக் குறிப்பது. கங்குபாயின் பெயரில் இருப்பது பெண்ணுக்கான சொல். இரண்டின் முதல் எழுத்தும் இந்தியில் வெவ்வேறு. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால், இந்தப் பாடகியின் பெயரைப் படித்துவிட்டு ஆண் என்று எண்ணுபவர்கள் இருக்கிறார்கள்.

பெண்ணைக் குறிக்கும் சொல்லுக்கு இரண்டு அசை: பா-ஈ. தாய் என்று பொருள்படும் ஒரு பிராகிருதச் சொல்லோடு அகராதிகள் இதைத் தொடர்புபடுத்துகின்றன. மராத்தி, குஜராத்தி, ராஜஸ்தானி மொழிகளில் அது மதிப்புக்குரிய பெண்ணைச் சுட்டும் சொல். மீராபாய், அகல்யாபாய், ஜான்சி லட்சுமிபாய், சாவித்ரிபாய் புலே என்று பக்தை, அரசி, ஆசிரியை எல்லோருக்கும் அது பொருந்தியது. மராத்திப் பள்ளிகளில் ஆசிரியையை 'பாயி' என்றே அழைத்து வந்தார்கள். இன்றைய மும்பையில் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கும் அதே பெயர்தான்.

வட இந்தியாவில், குறிப்பாக லக்னோ, பனாரஸ் பக்கம், கதை வேறாயிற்று. அங்கே குடும்பப் பெண்கள் தங்கள் பெயரோடு இந்த ஒட்டைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக இல்லை. செல்வர்களின் அவைகளில் பாடியும் ஆடியும் வாழ்ந்த தவாயிஃப் கலைஞர்களையே 'பாயி', 'பாயிஜி' என்று அழைத்தார்கள். மராட்டியத்தில் மரியாதையாக இருந்த சொல், வடக்கில் ஒரு பெண்ணின் தொழிலையும் பிறப்பையும் சொல்லாமல் சொல்லும் முத்திரையாகிவிட்டது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் அகில இந்திய வானொலி இப்படிப்பட்ட பாடகிகளுக்குக் கதவைச் சாத்தியபோது, பலர் அந்த ஒட்டைத் துறந்து 'தேவி', 'பேகம்' என்ற பெயர்களுக்கு மாறினார்கள். அக்தரிபாய் ஃபைசாபாதி, திருமணத்துக்குப் பின் பேகம் அக்தர் ஆன கதை எல்லோரும் அறிந்தது.

கங்குபாய் அதைத் துறக்கவில்லை. 1913 மார்ச் 5 அன்று தார்வாரில் பிறந்தவர். தாய் அம்பாபாய் கர்நாடக இசைப் பாடகி, பாட்டி கமலாபாய். மகள் இந்துஸ்தானி கற்கத் தொடங்கியதும், தன் கர்நாடக சங்கீதம் அவள் குரலில் கலந்துவிடக் கூடாது என்று அம்பாபாய் தன் பாட்டையே நிறுத்திக்கொண்டார். ஒரு பாடகி தன் மகளுக்குக் கொடுக்கக்கூடியதில் இதைவிடப் பெரியது என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. 1924-இல் காந்தி தலைமை வகித்த பெல்காம் காங்கிரஸில் வரவேற்புப் பாடல் பாடியபோது கங்குபாய் சிறுமி. பிறகு ஹூப்ளியில் குடியேறி, அங்கிருந்து ரயிலில் குந்த்கோல் சென்று கிரானா மரபின் சவாய் கந்தர்வரிடம் பயின்றார். பீம்சேன் ஜோஷி அங்கே உடன் பயின்றவர்.

தாழ்த்தப்பட்ட சாதி, பாட்டுக்காரியின் மகள் என்ற ஏச்சுகளை அவர் தெருவிலேயே கேட்டு வளர்ந்தார். இளமையில் மெல்லிய, உயர்ந்த குரல். தொண்டைச் சிகிச்சைக்குப் பிறகு அது தடித்து, ஆண்குரலோ என்று மயங்கும் அளவுக்கு ஆழ்ந்துபோனது. அதை மறைக்க முயலாமல், அந்தக் கனத்தையே மெதுவான காலத்தில் பாடும் தன் விளம்ப கயாலின் பலமாக்கிக்கொண்டார். ஒரு ஸ்வரத்தில் நின்று, அவசரமில்லாமல் அடுத்ததற்குப் படியேறும் கிரானா முறைக்கு அந்தக் குரல் பொருந்திப்போனது. 1971-இல் பத்மபூஷண், 1973-இல் சங்கீத நாடக அகாதமி விருது, 2002-இல் பத்மவிபூஷண். 2009 ஜூலை 21 அன்று ஹூப்ளியில் மறைந்தார்.

இவ்வளவு புகழுக்குப் பிறகும் அவர் மனத்தில் ஒரு குறை இருந்தது. ஆண் பாடகர் முஸ்லிமாக இருந்தால் உஸ்தாத் ஆகிறார், இந்துவாக இருந்தால் பண்டிட் ஆகிறார்; கேசர்பாயும் மோகுபாயும் கடைசிவரை பாயியாகவே இருந்துவிடுகிறார்கள் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். உஸ்தாதும் பண்டிட்டும் கற்ற கல்விக்குக் கிடைக்கும் பட்டங்கள். பாயி என்பதோ அவள் பெண் என்பதை மட்டும் சொல்கிறது. கற்றறிந்தவள் என்று பொருள்படும் விதுஷி என்ற பட்டம் பெண்களுக்குப் பரவலாக வழங்கத் தொடங்கியது பிற்காலத்தில்தான்.

தமிழில் பாயி என்ற சொல்லுக்கு இணை எது? எனக்கு ஐயமே இல்லை: அம்மாள். அதற்குத் தஞ்சையே சான்று. மராட்டிய மன்னர் ஏகோஜியின் மனைவி தீபாபாய், தமிழ் மண்ணில் தீபாம்பாள் ஆனார். இரு மொழியும் அறிந்த ஓர் அரண்மனை தானாகவே கண்டுகொண்ட இணை இது. இசையிலும் அதே பொருத்தம்தான். தனம்மாள், அவர் மகள் ஜயம்மாள், ஜயம்மாளின் மகள் பாலசரஸ்வதி. கமலாபாய், அம்பாபாய், கங்குபாய், பிறகு கங்குபாயோடு மேடையில் பாடிய அவர் மகள் கிருஷ்ணா. மோகுபாயின் மகள் கிஷோரி அமோன்கர். தாய்வழியாக வந்த இசை அடுத்த தலைமுறைக்குத் தொடர்ந்தது, பின்னொட்டு மட்டும் உதிர்ந்தது. வடக்கில் பாயிக்கு நேர்ந்த இழிவு அம்மாளுக்கு நேராமல் போனதற்குக் காரணம், இங்கே தேவதாசிக் குடும்பமும் அக்ரகாரமும் அதை ஒருசேர வைத்துக்கொண்டதுதான். பெங்களூர் நாகரத்தினம்மாளும் டி.கே. பட்டம்மாளும் ஒரே ஒட்டின் கீழ் நின்றார்கள்.

ஆகவே இந்தப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும். இயற்பெயரில் ஒட்டை மொழிபெயர்க்கக் கூடாது. கங்கம்மாள் என்று எழுதினால் ஆளே மாறிவிடுவார். 'பாய்' என்று எழுதுவதைவிட 'பாயி' என்று எழுதுவது நல்லது. கன்னடத்தில் அவர் பெயரைக் கங்கூபாயி என்றுதான் எழுதுகிறார்கள். திருவிதாங்கூர் அரசிகளும் கௌரி லட்சுமி பாயி, சேது லட்சுமி பாயி என்றே அறியப்பட்டார்கள். பொதுச்சொல்லாக வரும் இடத்தில் அம்மாள், அம்மையார். தவாயிஃப் மரபைச் சுட்டும் 'பாயிஜி'யைத் தாசி என்றோ பாட்டுக்காரி என்றோ பெயர்ப்பது அந்தப் பழைய ஏச்சைத் தமிழுக்கு இறக்குமதி செய்வதாகும். பாடுபவளுக்குச் சங்க இலக்கியம் வைத்த 'பாடினி' நம்மிடம் இருக்கிறது; வேந்தர் அவையில் பரிசில் பெற்றவள் அவள். விதுஷிக்கு 'இசைப் பேரறிஞர்' போதும். சென்னைத் தமிழ் இசைச் சங்கம் அந்தப் பட்டத்தை ஆண், பெண் இருவருக்கும் ஒரே சொல்லாகத்தான் வழங்கி வருகிறது.